கடல்கன்னிக்கு வளைகாப்பு

முன் சீட்டுல வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு, வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்குறான் பாருங்கண்ணே, அவன்தான் என் பொண்டாட்டியோட புருஷன்.

பதறாதீங்க. பொண்டாட்டி என் பொண்டாட்டிதான். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மூணு சாட்சி வச்சுக் கையெழுத்துப் போட்டுக் கட்டினது. புருஷன் மட்டும் அவன்னு ஆகிப்போச்சு. இப்ப ரெண்டு பேரும் சேந்துதான் கம்பம் போறோம், எங்க மாமியா வீட்டுக்கு. இன்னைக்குப் புள்ளைக்குப் பேரு வைக்கிறாங்க. புள்ளை என் புள்ளை, அதுல ஒரு சந்தேகமும் வேணாம். ஆனா அந்த வீட்டுல இவன் மாப்ள, நான் மைக்காரன். நீங்களும் கம்பந்தானே? தேனி இப்பத்தான் தாண்டியிருக்கு. அப்ப முழுசாவே சொல்லிரலாம்.

என் பேரு குபேந்திரன். பவளமுத்துப் பொருட்காட்சி பாத்திருக்கீங்களா? ராட்டினம், மரணக்கிணறு, டெல்லி அப்பளம் எல்லாம் இருக்கும். இருந்தாலும் சனம் வர்றது கடல்கன்னியப் பாக்கத்தான். அந்தக் கடல்கன்னிக்கு நான்தான் மைக்கு. "அட்லாண்டிக் மாக்கடலின் ஆழத்திலிருந்து, ஆறாயிரம் மைல் கடந்து, உங்கள் ஊர் மண்ணுக்கு முதன்முறையாக!" அந்தக் குரல் நான்தான். மன்னிச்சிருங்க, கொஞ்சம் சத்தமாப் போயிருச்சு. நான் பொறந்ததே பொருட்காட்சியில. எங்கம்மா டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இருக்கும்போது வலி வந்து, ராட்டினத்துக்குப் பின்னால பெத்துப் போட்டாங்க. அதனால வீடு வாசல், சொந்தக்காரங்ககிட்ட எப்படிப் பேசுறது, எந்த மொறைக்காரங்க எப்படி நடந்துக்குவாங்க, இதெல்லாம் எனக்கு அத்துபடி கிடையாது. தொழில் மட்டும் சுத்தமாத் தெரியும்.

என் வீட்டுக்காரி பேரு வைரச்சிலை. கம்பத்துக்காரி. திராட்சைத் தோட்டத்துக் கிணறு, பெரியாத்துக் கால்வாய்னு தண்ணியிலயே கெடந்து வளந்தவ. மூணு வருஷத்துக்கு முன்னாடி கம்பத்துல ஒரு மாசம் காட்சி போட்டோம். அப்ப எங்ககிட்ட இருந்த கடல்கன்னிக்கு நீச்சலே தெரியாது. ஒரு அடித் தண்ணியில ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு கையாட்டும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா தும்மும். வைரச்சிலை பதினோரு நாள் தொடந்து டிக்கெட் எடுத்து வந்தா. என் குரல்ல மயங்கித்தான் வந்தா. மொத மொதல்ல எங்கிட்ட வந்து, "இந்தத் தண்ணிய எத்தன நாளைக்கு ஒருக்கா மாத்துவீங்க?"ன்னு கேட்டா. பொம்பளைங்க ஆசைய நேரடியாச் சொல்ல மாட்டாங்கல்ல, அப்படி.

பன்னெண்டாவது நாள் முதலாளி முன்னாடி தொட்டியில குதிச்சா. கண்ணைத் தொறந்துக்கிட்டே அடியில போயி உக்காந்து, ஒரு வாழைப்பழத்தை உரிச்சு, நிதானமாச் சாப்பிட்டு, தோலை மட்டும் மேல நீட்டினா. முதலாளி எந்திரிச்சு நின்னு கும்பிட்டாரு. அப்புறம் நான் அவங்க வீட்டுல பொண்ணு கேக்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். அவங்க அப்பா இல்ல, அம்மா மட்டுந்தான். ஒச்சம்மான்னு பேரு. "கத்திப் பொழைக்கிறவனுக்கு எம்மகளக் குடுக்க மாட்டேன்"னு சொல்லிட்டாங்க. நாங்க கிளம்பி வந்து கட்டிக்கிட்டோம். அதுல இருந்து மூணு வருஷம் பேச்சு வார்த்தை கிடையாது.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்தம்மா என் மூஞ்சியப் பாத்ததே இல்ல. அந்த ஒரு மாசமும் எங்க கூம்பு ஸ்பீக்கர் அவங்க வீட்டு மாடியப் பாத்துத்தான் கட்டியிருந்துச்சு, காலையில பத்து மணியில இருந்து என் குரலக் கேட்டிருக்காங்க. மூஞ்சி மட்டும் தெரியாது. எல்லாக் குழப்பத்துக்கும் அதுதான் காரணம்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதாண்ணே. அந்தம்மா ஒரு தடவை என்னைப் பாத்து "வாங்க மாப்ள"ன்னு சொல்லணும். வேற சீர் வேணாம், செனத்தி வேணாம். ராட்டினத்துக்குப் பின்னால பொறந்தவனுக்கு ஒரு வீட்டுக்குள்ள உரிமையா நுழையுறதுன்னா என்னன்னு ஒருக்காப் பாக்கணும்.

கடல்கன்னி வேலைன்னா லேசுன்னு நெனைக்காதீங்க. சாதா நாள்ல எட்டுக் காட்சி, திருவிழான்னா பதினாலு. தண்ணியில போடுற பிளீச்சிங் பவுடர்ல கண்ணு மெளகாப் பழமாச் செவந்துரும். விரல் சுருங்கி, கைரேகையே இல்லாமப் போயி, ரேஷன் கடையில மிஷின் ஏத்துக்கிடல. வால் பதினெட்டு கிலோ. சைக்கிள் சீட்டுக்கு உறை தைக்கிற டெய்லர் ரெக்சின்ல தச்சு, மேல ஜிகினா ஒட்டினது. மாட்ட இருபது நிமிஷம், கழட்ட நாப்பது நிமிஷம். நடுவுல அவசரம்னா என்ன பண்ணுவான்னு ஊருக்கு ஊரு கேக்குறாங்க. அதை மட்டும் கேக்காதீங்க. இவ்வளவுக்கும் அவ ஒரு நாள் மூஞ்சியச் சுளிச்சதில்ல. தண்ணிக்குள்ள இருந்து, கண்ணாடி வழியா, டிக்கெட் எடுத்த ஒவ்வொருத்தரையும் பாத்து ஒரு சிரிப்புச் சிரிப்பா. தொட்டிக்கு வெளிய அவ அவ்வளவாச் சிரிச்சு நான் பாத்ததில்ல. அசதியா இருக்கும் பாவம்.

போன வருஷம் உண்டானா. நாலு மாசம் வரைக்கும் வெளிய தெரியல. ஆஸ்பத்திரி நர்ஸம்மா, "நீந்தலாம், மூச்ச அடக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டாங்க. அதனால தொட்டிக்குள்ள சிமெண்டுல ஒரு பாறை செஞ்சு, அதுல உக்கார வச்சோம். இடுப்பு வரைக்கும் தண்ணி, வாலை மட்டும் ஆட்டினாப் போதும். டெய்லர் மூணு தடவை இடுப்புத் தையலப் பிரிச்சு விட்டாரு. ஏழாம் மாசம் சின்னமனூர்ல காட்சி. கம்பத்துக்கு இவ்வளவு பக்கத்துல வேணாம்னு நான் சொன்னேன், முதலாளி கேக்கல.

மூணாம் நாள், ஒரு பூக்காரம்மா கண்ணாடியில மூக்க ஒட்டிப் பாத்துட்டு, "அடியே, இது முழுகாம இருக்குடி!"ன்னுச்சு. நாள் பூரா தண்ணியில முழுகிக் கெடக்குறவளப் பாத்து முழுகாம இருக்கான்னா சிரிப்பு வருமா வராதா? ஒருத்தர் சிரிக்கலண்ணே. எல்லாரும் வயித்தப் பாத்தாங்க. அப்புறம் அவ மூஞ்சியப் பாத்தாங்க. அப்புறம் சுத்தும் முத்தும் யாரையோ தேடுனாங்க.

இதுநாள் வரைக்கும் ஊருக்கு ஊரு சண்டைதான், இது நெசக் கடல்கன்னியா, வால் ரெக்சினான்னு. கிள்ளிப் பாத்தவங்க இருக்காங்க. தூண்டில் போட்டவன் இருக்கான். வயிறு தெரிஞ்ச நாள்ல இருந்து ஒருத்தர் அதைக் கேக்கல. எல்லாரும் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "புருஷன் எங்க?"

மறுநாள் மகளிர் சுயஉதவிக் குழுவுல இருந்து பதினாறு பேர் முதலாளியப் பாக்க வந்துட்டாங்க. தலைவியம்மா கேக்குறாங்க, "புள்ளத்தாச்சிய ஒத்தையில கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கீங்களே, அதைக் கட்டினவன் எங்க? இல்ல, எவனும் ஏமாத்திட்டுப் போயிட்டானா? சொல்லுங்க, நாங்க ஸ்டேஷனுக்குப் போறோம்." கடல் எந்த ஸ்டேஷன் எல்லைன்னு முதலாளிக்குத் தெரியல. வேர்த்துப் போயிட்டாரு. "வந்துக்கிட்டு இருக்காரும்மா, அந்தக் கடல்ல இருந்து வரணும்ல"ன்னு சமாளிச்சு அனுப்பிட்டாரு.

நான் என்ன செஞ்சேன்? நேராப் போயி, "முதலாளி, புருஷன் நான் இருக்கேன்ல, எனக்கு ஒரு வாலத் தைங்க"ன்னேன். நியாயந்தானே? நீல ரெக்சின்ல தச்சாங்க. காலையில கதவு தொறக்குறதுக்கு முன்னாடி ஒத்திகை. தொட்டியில இறங்கினேன். அப்புறம் எனக்கு ஞாபகம் இருக்கறது தொட்டியோட அடித்தளந்தான். சிமெண்டுப் பூச்சு சரியில்லாம இருந்துச்சு. ஏழு மாசப் புள்ளத்தாச்சி, பாறையில இருந்து இறங்கி, தலைமுடியப் பிடிச்சு இழுத்து என்னைக் கரையில போட்டா. வால் கோளாறு அது, இடுப்புல தண்ணி ஏறிக்கிச்சு. அதையும் முதலாளி காது குடுத்துக் கேக்கல.

அன்னைக்குச் சாயங்காலமே தங்கச்சிமடத்துல இருந்து இவனக் கூட்டியாந்தாங்க. செபஸ்தியான். சங்கு குளிக்கிறவன். நாலு நிமிஷம் மூச்சுப் பிடிப்பான். மாரு இருக்கே, கதவு மாதிரி. நல்ல பையண்ணே, அதுதான் என் கோவமே. கெட்டவனா இருந்தா ரெண்டு சாத்துச் சாத்திட்டு வந்திருப்பேன். வைரச்சிலைய அக்கான்னுதான் கூப்பிடுவான். தொட்டிக்குள்ள அவ பக்கம் திரும்பவே மாட்டான், கூச்சம். சனம், "மாப்ள எவ்வளவு அடக்கம் பாரு"ன்னு உருகிப் போச்சு.

அவனுக்கும் நான்தானே மைக்கு. மொத நாள் மைக்கைப் பிடிச்சேன். "பசிபிக் மாக்கடலின் இளவரசர்! பவளப் பாறைகளின் பாதுகாவலர்! நம் கடல்கன்னியைக் கைப்பிடித்த காதல் கணவர்!" கணவர்ங்கிறத மட்டும் விட்டுரலாமான்னு பாத்தேன். ஆனா சொன்னேன். எப்படிச் சொன்னேன்னா, ரெண்டு நிமிஷம் கைதட்டு நிக்கல. வைரச்சிலை அப்புறமாக் கேட்டா, "ஏங்க, அவ்வளவு அழுத்தியா சொல்லணும்?"னு. நான் என்ன பண்றது, நல்லாச் சொல்ல வர்றத நல்லாத்தான் சொல்ல முடியும்.

புருஷன் வந்தாச்சா, அடுத்து வளைகாப்பு. மகளிர் குழுவே தேதி குறிச்சுட்டாங்க. முதலாளி நுழைவுக் கட்டணத்தப் பாதியாக் குறைச்சு நோட்டீஸ் அடிச்சாரு. அன்னைக்கு வந்த கூட்டம் இருக்கே, மரணக்கிணத்துல பைக் ஓட்டுறவன் கூட வண்டிய நிறுத்திட்டு வந்து நிக்கிறான். காலையில ஒரு பஞ்சாயத்து, மீன் வறுவல் கடை திறக்கலாமா கூடாதான்னு. "இன்னைக்கு ஒரு நாள் அது சொந்தக்காரங்கள வறுக்காதீங்க"ன்னு குழுத் தலைவி சொல்லிட்டாங்க. கடைக்காரரு மறுபேச்சுப் பேசாம அடுப்ப அணைச்சிட்டு, அவரும் ஒரு டஜன் வளையல் வாங்கிட்டு வந்துட்டாரு. தொட்டி ஓரமா இரும்பு ஏணி. பொம்பளைங்க ஒவ்வொருத்தரா ஏறி, ஈரக் கையில வளையலப் போட்டு, நெத்தியில குங்குமம் வச்சு, இறங்குறாங்க. குங்குமம் கரைஞ்சு தொட்டித் தண்ணியே ரோஸ் கலராப் போச்சு. உள்ள உக்காந்திருக்கா என் பொண்டாட்டி, மொழங்கை வரைக்கும் வளையலு. சிரிக்கிறா, ஆனா கண்ணு கூட்டத்தையே தேடுது. தாய் வீட்டுல இருந்து யாரும் வராத வளைகாப்புல்ல.

அப்பத்தாண்ணே ஷேர் ஆட்டோவுல இருந்து இறங்கினாங்க எங்க மாமியா. கூட நாலு பொம்பளைங்க, ஏழு தூக்குவாளி. புளிச் சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறுன்னு ஏழு வகைச் சோறு. கம்பம் வரைக்கும் செய்தி போயிருக்கு. ஒருத்தர்கிட்டயும் பேசல, டிக்கெட் எடுத்து, வரிசையில நின்னாங்க. எனக்குப் போட்டோவுல பாத்த மூஞ்சி. மைக் கூண்டுக்குள்ள உக்காந்திருந்தவன் எந்திரிச்சு நின்னுட்டேன்.

இதை விட்டா எனக்கு வேற நேரம் இல்லன்னு முடிவு பண்ணினேன். மேடை இருக்கு, மைக்கு இருக்கு, மாமியா இருக்காங்க. உண்மையச் சொல்லிருவோம். "ஒரு முக்கியமான அறிவிப்பு"ன்னு ஆரம்பிச்சேன். மாமியா ஏணியில ஒரு காலு வச்சவங்க, அப்படியே நின்னு, கூண்டுப் பக்கம் திரும்பிப் பாத்தாங்க. வைரச்சிலையும் பாக்குறா. அந்த நேரம் பாத்து ஜன்னல் வழியா ஒரு கை உள்ள வந்து, ஒரு பைக் சாவிய வச்சிட்டுப் போச்சு. என் வாயி, நான் சொல்லாமலே, "சிவப்புக் கயிறு கட்டிய, முருகன் படம் போட்ட இருசக்கர வாகனச் சாவி ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது"ன்னுச்சு. இருபது வருஷப் பழக்கம்ணே! சாவி கையில வந்தா சொல்லிரணும். அதுவும் மூணு தடவை சொல்லணும். மூணாவது தடவை முடிச்சிட்டு நிமிந்து பாக்குறேன், எங்க மாமியா ஏணி உச்சியில நின்னு செபஸ்தியான் கன்னத்துல சந்தனம் பூசிக்கிட்டு இருக்காங்க. சாவிக்காரரு வந்து சாவிய வாங்கிட்டுப் போனாரு. ஒரு நன்றி கூடச் சொல்லல.

அப்புறம் மகளப் பாத்தாங்க. மூணு வருஷம் கழிச்சு. தொட்டி விளிம்புல ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுறாங்க, கூட்டமே அழுவுது. கடல்கன்னி அழுறதப் பாத்துத்தான் எல்லாரும் அழுறாங்கன்னு நெனைச்சேன், பாத்தா நானும் அழுதுக்கிட்டு இருக்கேன். மைக்கு ஆன்ல இருந்துச்சு. அது வேற ஊர் பூராக் கேட்டுருச்சு.

சோறு பரிமாறி முடிச்சிட்டு அந்தம்மா நேரா எங்கூண்டுக்கு வந்தாங்க. முந்தானைய இழுத்துத் தோள மூடிக்கிட்டு, கதவுக்கு வெளியவே ஒதுங்கி நின்னுக்கிட்டாங்க. என் மூஞ்சிய ஏறெடுத்துக் கூடப் பாக்கலண்ணே! பக்கத்துல இருந்த கரண்ட் கம்பத்தப் பாத்துப் பேசுறாங்க. "இப்படிக் கத்துனா தொண்டை என்னத்துக்காகும். பனங்கற்கண்டும் மெளகும் வச்சிருக்கேன், வாயில அடக்கிக்கிடுங்க"ன்னு கம்பத்துக்கிட்டச் சொன்னாங்க. ஒரு தூக்குவாளியத் தனியா வச்சாங்க. அப்புறம் சந்தனக் கிண்ணத்த ஜன்னல்ல வச்சு, "மிச்சம் இருக்கு, கன்னத்துல தடவிக்கிடுங்க, வீணாப் போயிரும்"னாங்க. பாத்தீங்களா? மாப்ளைக்குப் பூசினது போக மிச்சம் எனக்கு. அதுவும் வீணாப் போயிருமேன்னு. தடவிக்கிட்டேன். என்ன பண்றது, மனசு கேக்கல.

இன்னொண்ணு சொல்றேன், அதுதான் ரொம்ப உறுத்துது. செபஸ்தியான் கிட்டப் பேசும்போது, "வாப்பா, சாப்பிடுப்பா, இந்தா இன்னொரு கரண்டி வாங்கிக்க"ன்னு நேருக்கு நேராப் பேசுறாங்க, முதுகுல தட்டிக் குடுக்குறாங்க. சொந்த மாப்ளைங்கிற உரிமை. எங்கிட்ட வந்தா, "நீங்க, வாங்க, இருங்க"ன்னு ஒரே மரியாதை. மூணாவது மனுஷனத் தள்ளி வைக்கிற மாதிரி. நாலு சொந்தக்காரங்களோட பொறந்து வளந்திருந்தா இதெல்லாம் எப்படின்னு தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அது அவமானந்தான்.

வளைகாப்பு முடிஞ்சா பொண்ணு தாய் வீட்டுக்குப் போயிரணும்ல. முதலாளி காலுல விழாத குறைதான், "சாயங்காலம் ரெண்டு காட்சி இருக்குதும்மா"ன்னு. "உங்க காட்சிய அந்தப் பையன வச்சு ஓட்டுங்க"ன்னுட்டாங்க மாமியா. நல்ல நேரம் முடியப் போகுது, வாலைக் கழட்ட நாப்பது நிமிஷம் ஆகும். வாலோடயே தூக்குன்னுட்டாங்க. ஆறு பேர் சேந்து தூக்கி ஷேர் ஆட்டோவுல உக்கார வச்சாங்க. பாதி வாலு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட்டு, பெரிய கோயில்னு சின்னமனூர் கடை வீதி பூரா, கடைக்காரங்க வெளிய வந்து டாட்டா காட்டி அனுப்பி வச்சாங்க. வாலு வளைவுல திரும்புற வரைக்கும் நான் மைக்குல வழியனுப்பி வச்சேன். எம் பொண்டாட்டி போறா, "சென்று வருக, செல்வமகளே"ன்னு ஊருக்கே சொல்றேன். கூடப் போறதுக்குத்தான் எனக்கு ஒரு வழி தெரியல.

அதுக்கப்புறம் ரெண்டரை மாசம். தொட்டியில செபஸ்தியான் மட்டும். பொண்டாட்டி பிரசவத்துக்குப் போயிட்டா, பாவம் தனியாக் கெடக்குறாருன்னு ஊர்ச் சனம் டிபன் பாக்ஸ்ல சாப்பாடு கொண்டாந்து குடுக்குது அவனுக்கு. கறிக் குழம்பு, ரசம், அப்பளம். நான் மைக் கூண்டுல உக்காந்து பரோட்டா திங்கிறேன். அவன் எனக்கும் பாதி வைப்பான், அது வேற விஷயம்.

புள்ளை பொறந்துச்சு. பொண்ணு. மூணே கால் கிலோ. வீடியோவுல காமிச்சா வைரச்சிலை. எங்கம்மா ஜாடை. நேருல இன்னும் பாக்கலண்ணே. முப்பது நாள் ஆகுது, எந்த மொகத்த வச்சுக்கிட்டுப் போறது? "உங்கம்மாகிட்டச் சொல்லிட்டியா?"ன்னு போன்ல கேட்டேன். "அம்மா ஒண்ணும் கேக்கல. நீங்களே வந்து உங்க வாயால சொல்லுங்க"ன்னுட்டா. பாருங்க, மகளோட புருஷன் யாருன்னு கூடக் கேக்க மாட்டேங்குறாங்க, அவ்வளவு நம்பிக்கை செபஸ்தியான் மேல.

போன வாரம் பார்சல் வந்துச்சு, மாப்ளைக்குப் புதுத்துணி. வேட்டி சரி, இவன் கட்டியிருக்கான். சட்டை அவனுக்குத் தோளுக்கு மேல ஏறல. அந்தம்மாவுக்கு அளவு தெரியல பாவம். நான் போட்டுப் பாத்தேன், எனக்குன்னு தச்ச மாதிரி இருந்துச்சு. இந்தா, இதுதான். வீணாப் போயிரக் கூடாதுன்னு போட்டுக்கிட்டேன்.

கூடவே வைரச்சிலை போன் பண்ணி, "ரெண்டு பேரும் வாங்க. மைக்காரர் வராமப் பேரு வைக்க மாட்டேன்னு அம்மா சொல்றாங்க. பேரையும் நீங்களே முடிவு பண்ணிட்டு வாங்க"ன்னா. அதாவது விசேஷத்துக்கு ஓசியில ஒரு மைக்கு வேணும்! சரின்னு, பேட்டரியில ஓடுற சின்ன ஸ்பீக்கர் ஒண்ணு எடுத்து வச்சேன், மேல பையில இருக்கு. அதைச் சொன்னா, "அதெல்லாம் கொண்டு வராதீங்க. உங்களை மெதுவாப் பேசப் பழகிட்டு வரச் சொன்னாங்க அம்மா"ங்குறா. எப்படி இருக்கு? மைக்காரனக் கூப்பிட்டு, மைக்கு வேணாம், மெதுவாப் பேசுன்னா? என் குரலே அந்தம்மாவுக்கு ஆகலண்ணே. அன்னைக்கும் ஆகல, இன்னைக்கும் ஆகல.

இன்னைக்கு வீட்டுக்குள்ள போன உடனே சொல்லிரப் போறேன். செபஸ்தியானும் சொல்லச் சொல்லித்தான் கூட வர்றான். "அம்மா, நான்தான் உங்க மருமகன்"னு. எத்தனையோ தடவை ஒத்திகை பாத்துட்டேன். ஆனா பயமா இருக்குண்ணே. வெளிய போடான்னு சொல்லிட்டா என் புள்ளைய நான் எப்பப் பாப்பேன்?

என்ன கேட்டீங்க? பேரை யாரு சொல்லுவாங்கன்னா? மைக்குலயான்னு கேக்குறீங்களா? மைக்குலல்லாம் இல்லண்ணே, வைரச்சிலை சொல்லியிருக்கா. அவங்க வீட்டு வழக்கம், புள்ளைய மடியில வச்சுக்கிட்டு, காதுல சொல்லணும். மூணு தடவை. மெதுவாத்தான் சொல்லணும், பச்சப் புள்ளைல்ல, சத்தம் போட்டா பயந்துரும். அதை அப்பன்தான் சொல்லணும். பெத்த அப்பன் வாயால மொதல்ல கேக்கணும்னு வழக்கம். வேற யாரு சொல்லுவா, மைக்காரனா சொல்லுவான்?

அண்ணே.

ஒரு நிமிஷம் இருங்க.

மைக்காரர் வராமப் பேரு வைக்க மாட்டேன்னாங்களே.

மெதுவாப் பேசப் பழகிட்டு வரச் சொன்னாங்களே, என்னை.

இல்லண்ணே, ஒண்ணுமில்ல, கண்ணுல தூசி. ஜன்னலச் சாத்துங்க. இல்ல, தொறந்தே இருக்கட்டும். இது எந்த ஊரு, உத்தமபாளையமா? இன்னும் இருபது நிமிஷந்தானா? ஐயையோ, இருபது நிமிஷத்துல நான் எப்படிப் பழகுறது?

கொஞ்சம் இப்படிச் சாய்ங்க. உங்க காதக் குடுங்க. நிறைமதி. பேரு நிறைமதி. சத்தமாவா இருந்துச்சு? ஏன், டிரைவர் எதுக்குத் திரும்பிப் பாக்குறாரு? சரி சரி, அவரப் பாக்காதீங்க. இன்னொரு தடவை சொல்றேன். கண்ண மூடிக்கிடுங்க. முப்பது நாள் புள்ளைன்னு நெனைச்சுக்கிட்டுக் கேளுங்க. பயந்துட்டா மட்டும் சொல்லிருங்கண்ணே.